பெண்களின் எண்ணிக்கையைக் கேட்டு முடித்த பிறகு

சேலத்தில் சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் பாலினச் சமத்துவம் இருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது, பெண் உறுப்பினர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா, மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டம்தான் வந்துவிட்டதே, இனி என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பவை அவருடைய கேள்விகள். வகுப்பில் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றுக்காகக் கேட்டாலும், கேள்வி கட்டுரையோடு முடிவதில்லை. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. 1995இல் உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு 11.3 சதவீதம். 2025 தொடக்கத்தில் அது 27.2 சதவீதம். நம் மக்களவைக்கு 2024இல் தேர்வான 543 பேரில் பெண்கள் 74 பேர், அதாவது 13.6 சதவீதம். அதற்கு முந்தைய 2019 தேர்தலில் 78 பேர் இருந்தார்கள். ஐந்தாண்டில் கூடவில்லை, குறைந்திருக்கிறது. 2021இல் அமைந்த தமிழகச் சட்டமன்றத்தில் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். ஊருக்கே வருவோம். சேலம் மக்களவைத் தொகுதி 1952 தொடங்கி இதுவரை ஒரு பெண்ணைக்கூட டெல்லிக்கு அனுப்பியதில்லை. அதே மாவட்டத்தில், சேர்வராயன் மலையை உள்ளடக்கிய ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, 2013 இடைத்தேர்தல், 2016, 2021 என்று அடுத்தடுத்து மூன்று முறை பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அது பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. அந்தத் தொகுதி மக்கள் மூன்று தடவையும் தயங்காமல் பெண்ணுக்கு வாக்களித்தார்கள் என்றால், மற்றத் தொகுதிகளின் வாக்காளர்களுக்கு மட்டும் மனமில்லை என்று சொல்ல முடியுமா? வேட்பாளர் பட்டியலில் பெண் பெயர் இருந்தால்தானே வாக்களிக்க! "பெண் நின்றால் ஜெயிக்க மாட்டாள்" என்ற பழைய சாக்கை யார் சொன்னாலும் ஏற்காட்டைக் காட்டுங்கள்.

எனவே எண்ணிக்கை முக்கியம். அதைத் தள்ளிவிட்டுப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் எண்ணிக்கை எதைக் காட்டாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

மெக்சிகோவில் வேட்பாளர்களில் குறிப்பிட்ட விகிதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2009 தேர்தலில் வென்று பதவியேற்ற பெண்கள் சிலர், அவை கூடிய கையோடு விடுப்புக் கேட்டு ஒதுங்கினார்கள். அவர்களுக்கு மாற்று உறுப்பினர்களாகப் பதிவு செய்யப்பட்டிருந்த ஆண்கள் அந்த இடங்களில் அமர்ந்தார்கள். கட்சிகள் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு அது. 2011இல் அந்நாட்டுத் தேர்தல் தீர்ப்பாயம், பெண் வேட்பாளருக்கு மாற்று உறுப்பினரும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் அந்தக் கதவு அடைபட்டது.

இரண்டாவது உதாரணத்துக்கு மெக்சிகோ வரை போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமாயிற்று. மலைமேல் ஊராட்சித் தலைவிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப் போனபோது ஒருவர் தன் ஊராட்சியின் காசோலைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்த அம்மாவின் கையெழுத்து பல தாள்களில் இருந்தது. துணைத்தலைவருக்கான இடம் காலியாகவே கிடந்தது. குடிநீர் மோட்டாரைப் பழுது பார்த்தவருக்குத் தர வேண்டிய கூலிகூட அதில் அடக்கம். "கூட்டத்தில் தீர்மானம் போடும்போது தலையாட்டுகிறார், கையெழுத்துக்குப் போனால் வீட்டில் இல்லை என்கிறார்கள்" என்றார். பக்கத்து ஊராட்சித் தலைவியின் நிலை வேறு. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எல்லாம் கணவருக்கே போகிறது. பெண் தலைவர்கள் எத்தனை பேர் என்ற புள்ளிவிவரத்தில் இந்த இருவரும் சமம்தான். அதிகாரம் எங்கே தடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இருவருக்கும் இரண்டு விதமான தடை.

நாடாளுமன்றத்தை மதிப்பிடுவதும் இப்படித்தான். தேதி, பணம், கையெழுத்து, பேசும் நேரம், விடுப்பு இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டும்.

இதற்கு உலக அளவில் முறையான கருவிகள் உண்டு. ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 1889இல் தோன்றியது. அது 2012இல் கியூபெக் நகரில் கூடியபோது பாலினச் சமத்துவம் உள்ள நாடாளுமன்றங்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2016இல், அவைகள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டது. உறுப்பினர் எண்ணிக்கையும் பதவிகளும், சட்ட அடிப்படை, எல்லாச் சட்டங்களையும் பாலின நோக்கில் ஆராயும் வழக்கம், அவையின் பண்பாடும் வசதிகளும், ஆண் உறுப்பினர்களின் பங்கு, கட்சிகள், செயலக ஊழியர்கள் என்று ஏழு பக்கங்களிலிருந்து கேள்விகள் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாலினச் சமத்துவ நிறுவனமும் ஐந்து தலைப்புகளில் இதே போன்ற ஒன்றை வைத்திருக்கிறது.

மதிப்பெண் போட்டு நாடுகளை வரிசைப்படுத்துவது இவற்றின் நோக்கமல்ல. அவைத்தலைவரின் ஒப்புதலோடு, ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, ஆண்கள், பெண்கள், செயலக அதிகாரிகள் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். ஒத்துவராத பதில்களையும் எழுத வேண்டும். யார், எந்தத் தேதிக்குள், எதை மாற்றுவது என்று குறித்துவைத்து, மறுபடி கூடிச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டன் நாடாளுமன்றம் 2018இல் அப்படி ஒரு தணிக்கை நடத்தியது. ஏறக்குறைய பாதிப் பேர் பெண்களாக இருக்கும் சுவீடன் நாடாளுமன்றம்கூட, வேலை முடிந்துவிட்டது என்று விடாமல் பதவிக்காலம்தோறும் சமத்துவச் செயல்திட்டம் வகுக்கிறது. வெளியாள் எழுதும் அறிக்கை அலமாரியில் தூங்கும். தாங்களே உட்கார்ந்து ஒப்புக்கொண்டதை அவ்வளவு எளிதில் மறுக்க முடியாது. அதனால்தான் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

இந்தக் கேள்விகளில் நம் நாட்டுக்கு எது கனமானது என்று கேட்டால், குழுக்கள் என்பேன். தொலைக்காட்சியில் தெரிகிற அவைக்கூடத்தில் சட்டம் செதுக்கப்படுவது குறைவு. துறைசார் நிலைக்குழுக்களில், கேமரா இல்லாத அறையில், அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து மானியக் கோரிக்கைகளையும் மசோதாக்களையும் வரிவரியாகப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். 2024இல் இவை அமைக்கப்பட்டபோது பெண்கள் தலைமை ஏற்றவை இரண்டே இரண்டு: வணிகத்துக்கானது ஒன்று, நுகர்வோர் விவகாரம், உணவுக்கானது இன்னொன்று. நிதி, பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, ரயில்வே எல்லாவற்றிலும் தலைவர் ஆண். பெண்கள், குழந்தைகள் நலத்தைக் கவனிக்கும் குழுவுக்கும் தலைவர் ஆண்தான்.

அந்தக் கடைசிக் குழுவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெண்ணின் திருமண வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, அக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அப்போது அக்குழுவில் இருந்த 31 பேரில் பெண் ஒரே ஒருவர். மசோதா நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். 21 வயது வரை காத்திருக்கச் சொன்னால் பெண் என்ன படிப்பாள், வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும், ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டால் யார் மீது வழக்குப் பாயும் என்பதையெல்லாம் முப்பது ஆண்களும் ஒரு பெண்ணும் கூடி ஆராய வேண்டியிருந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் இன்றும் அலைகிற மாவட்டம் நம்முடையது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டதும் சேலத்தில்தான். இங்கே பெண் பிள்ளையைப் பெற்று வளர்த்த எவருக்கும் அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சின்ன விஷயமாகத் தெரியாது. 2024இல் மக்களவை கலைந்தபோது அந்த மசோதாவும் காலாவதியானது.

பெண்களுக்கு அதிகாரமளித்தலுக்கான கூட்டுக்குழு ஒன்று 1997 முதல் இருக்கிறதே என்பீர்கள். மக்களவையிலிருந்து 20, மாநிலங்களவையிலிருந்து 10 என 30 பேர் கொண்ட அக்குழு நல்ல அறிக்கைகள் தந்திருக்கிறது. எனக்குள்ள மனத்தாங்கல், பெண்கள் பிரச்சினை எல்லாம் அந்த ஒரு அறைக்குள் போய்விட்டது என்ற நிம்மதி மற்ற அறைகளுக்கு வந்துவிடுகிறது என்பதுதான். மின்கட்டணமும் ரயில் அட்டவணையும் ரேஷன் அரிசியும் பெண்கள் பிரச்சினைதான். 2005-06 முதல் மத்திய நிதிநிலை அறிக்கையோடு பாலின நிதி அறிக்கை ஒன்றும் வைக்கப்படுகிறது. அதை ஒவ்வொரு துறைக் குழுவும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் கேள்வி கேட்கிறதா என்பது அருமையான அளவுகோல்.

அடுத்தது விடுப்பும் நேரமும். அரசியலமைப்புச் சட்டத்தின் 101(4) பிரிவைப் படித்திருப்பீர்கள். அவையின் அனுமதியின்றி அறுபது நாட்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம். 2017 திருத்தத்தின்படி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு தந்த அதே அவை, தன் உறுப்பினருக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் வழியைத்தான் வைத்திருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் அந்த நாட்களில் அவளுடைய தொகுதிக்கு வாக்கு இல்லை. 2019 ஜனவரியில் பிரிட்டனில் உறுப்பினர் துலிப் சித்திக் அறுவைசிகிச்சைப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டு, சக்கர நாற்காலியில் வந்து பிரெக்சிட் வாக்கெடுப்பில் கலந்துகொண்டார். அதற்குப் பிறகு அதே மாதத்தில், பிள்ளை பெற்ற உறுப்பினருக்காக இன்னொருவர் வாக்களிக்கும் ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கினார்கள், 2020இல் நிரந்தரமாக்கினார்கள். 2022 டிசம்பரில் மகாராஷ்டிர உறுப்பினர் சரோஜ் அஹிரே இரண்டரை மாதக் கைக்குழந்தையோடு நாகபுரி கூட்டத்தொடருக்கு வந்தார். அதன் பிறகே பாலூட்டும் அறை பற்றி எல்லோரும் பேசினார்கள். 1989இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்த பெண்களுக்கும், 2010இல் இருந்தவர்களுக்கும் அவைக்கூடத்துக்கு அருகில் கழிப்பறை கிடையாது; 2011இல்தான் வந்தது. ஒரு கட்டடத்தைக் கட்டியவர்கள் யாரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள் என்பது இப்படித் தெரிந்துவிடும்.

அவமதிப்பும் வன்முறையும் பற்றி. நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியது. பதவிக்காலத்தில் மனரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 81.8 சதவீதம். சின்னக் குழுதான், ஆனால் பதவியில் இருக்கும் பெண்களே சொன்னது. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற வளாகத்தில் வேலை செய்பவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2021 நவம்பரில் வெளியானது. மூன்றில் ஒருவர் அங்கே பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார். உறுப்பினர்களோடு உதவியாளர்களும் ஊழியர்களும் சேர்ந்த கணக்கு இது. அவையில் நடப்பதை எழுதுகிறவர், கோப்பு சுமக்கிறவர், உறுப்பினரின் அறையில் இரவு வரை தட்டச்சு செய்கிறவர் எல்லோரையும் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடு. நமக்கும் நினைவிருக்கிறது: 1989 மார்ச் 25 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நடந்த அமளியில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தன்மீது தாக்குதல் நடந்ததாகச் சொல்லி வெளியேறினார். எதிர்க்கட்சித் தலைவருக்கே அந்த நிலை என்றால், முதல் முறை வந்த பின்வரிசைப் பெண் உறுப்பினர் யாரிடம் புகார் தருவார், விசாரிப்பவர் யார், எத்தனை நாளில் முடிவு வரும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். பொலிவியா 2012இல் பெண்களுக்கு எதிரான அரசியல் வன்முறையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே இயற்றியது.

இப்போது இடஒதுக்கீடு. இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பலருக்கும் தெரியாது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அதே காலத்தில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்த மாகாணச் சட்டசபையின் துணைத்தலைவராக இருந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். சுப்பராயனின் மனைவி ராதாபாய் 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938இல் மத்தியச் சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. முதல் சில தேர்தல்களுக்காவது பெண்களுக்கு இடம் ஒதுக்கினால்தான் உள்ளே வர முடியும் என்று அவர் வாதிட்டார். அன்றைய பெரிய மாதர் சங்கங்கள், சலுகை வேண்டாம், சம உரிமை போதும் என்று எதிர்த்தன. 1935 சட்டம் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் எட்டைப் பெண்களுக்கு ஒதுக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஒதுக்கீடு நின்றுபோனது. அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்களே அது தேவையில்லை என்று நம்பினார்கள். சமத்துவம் வந்துவிட்ட நாட்டில் தகுதி பார்த்துக் கட்சிகள் வாய்ப்புத் தரும் என்ற நம்பிக்கை. அவர்களுடைய பெருந்தன்மையை வணங்குகிறேன். ஆனால் கட்சிகள் அந்த நம்பிக்கைக்கு என்ன மரியாதை செய்தன என்பதற்கு எழுபது ஆண்டுத் தேர்தல் முடிவுகள் சாட்சி. ராதாபாய் சொன்னதே சரி என்பது என் முடிவு.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் முதல் மசோதா 1996இல் வந்தது. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது, மக்களவையில் எடுக்கப்படாமலே போனது. 2023 செப்டம்பரில் 106ஆவது திருத்தமாக இரண்டு அவைகளும் நிறைவேற்றின. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. ஆனால் நீங்கள் சொல்வது போல வேலை முடிந்துவிடவில்லை. நிறைவேறிய வடிவத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், அதன் அடிப்படையிலான தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு தொடங்கும் என்றும், பதினைந்து ஆண்டுகளுக்கு என்றும் எழுதியிருக்கிறது. மாநிலங்களவைக்கும் சட்டமன்ற மேலவைகளுக்கும் அது பொருந்தாது. ஒதுக்கிய தொகுதிகள் ஒவ்வொரு மறுவரையறைக்குப் பின்னும் சுழலும். ஒரு தொகுதியில் வேர்விட்ட பெண், சுழற்சிக்குப் பிறகு பொதுத்தொகுதியான அதே ஊரில் மறுபடி நிற்கக் கட்சி இடம் தருமா? உள்ளாட்சியில் தரவில்லை என்பதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டோம்.

ஆகவே மேம்படுத்துவது என்று வரும்போது நான் முதலில் கை வைக்கச் சொல்வது கட்சிகள் மேல். சட்டத்தை எதிர்பார்க்காமலே செய்ய முடியும் என்பதற்கு ஒடிசா சான்று: 2019இல் பிஜு ஜனதா தளம் 21 மக்களவைத் தொகுதிகளில் ஏழு தொகுதிகளைப் பெண்களுக்குக் கொடுத்தது, ஐந்தில் வென்றது. வெல்லக்கூடிய தொகுதியாகக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழகத்தில் நாம் தமிழர் கட்சி 2021இல் பாதி இடங்களில் பெண்களை நிறுத்தியது, பாராட்ட வேண்டியதுதான், ஆனால் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காததால் அவையின் கணக்கு மாறவில்லை. அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிரான்சில் 2000இல் சமபங்குச் சட்டம் வந்தபோது, பெண்களை நிறுத்துவதைவிட அரசு தரும் கட்சி நிதியை இழப்பது மேல் என்று பெரிய கட்சிகள் பணத்தை விட்டுக்கொடுத்தன.

கட்சிகளுக்கு அடுத்தது அவை விதிகள். எந்த நிலைக்குழுவிலும் ஒரு பாலினத்தார் மட்டும் நிரம்பிவிடாதபடி குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. கட்சிக் கொறடாக்கள் தரும் பெயர்ப் பட்டியலை அவைத்தலைவர் திருப்பி அனுப்பினால் போதும். மகப்பேறு விடுப்பையும் மாற்று வாக்கையும் விதியாக எழுதலாம். மீராகுமார் 2009இலும் சுமித்ரா மகாஜன் 2014இலும் மக்களவைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்கள். நாற்காலியில் பெண் இருந்தும் விதிப் புத்தகம் பெரிதாக மாறவில்லை என்பதால்தான் இதை எழுத்தில் கேட்கிறேன்.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதாமல் சேலத்திலிருந்தே ஒரு சின்ன மதிப்பீடு செய்யுங்கள். மாநகராட்சியில் அறுபது வார்டுகள், பாதி பெண்களுக்கு. ஒரு மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போய், யார் எத்தனை நிமிடம் பேசினார், யார் பேசும்போது குறுக்கீடு வந்தது, எந்தக் கேள்விக்கு ஆணையர் பதில் சொன்னார் என்று குறியுங்கள். நிலைக்குழுத் தலைவர்களில் நிதி யாரிடம், பூங்கா யாரிடம் என்று பாருங்கள். பிறகு மக்களவை இணையதளத்தில் நம் தொகுதி உறுப்பினரும் பக்கத்துத் தொகுதிகளின் உறுப்பினர்களும் கேட்ட கேள்விகளை எடுத்து, பெண்களின் வாழ்க்கையைத் தொடுபவை எவை என்று பிரியுங்கள். ஆண் உறுப்பினர்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்பது மேலே சொன்ன வினாத்தொகுப்பின் ஏழு தலைப்புகளில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மக்களவைச் செயலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். நடப்பு மக்களவையில் ஒவ்வொரு நிலைக்குழுவிலும் பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர், அவர்களின் வருகைப்பதிவு என்ன, செயலகத்தின் உயர்பதவிகளில் பெண்கள் எத்தனை பேர், பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு ஆண்டுவாரியாக வந்த புகார்கள் எத்தனை என்று நான்கே கேள்விகள் கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் முதல் மேல்முறையீட்டைச் சேர்ந்தே எழுதலாம்.